குமிழைத் திருக வேண்டாம்

வயர்லெஸ் செட் ஒன்று பேச மறுத்தால் எல்லோரும் முதலில் செய்வது அதை அணைத்துப் போடுவதுதான். அதில் தப்பொன்றும் இல்லை. டிவி, மோடம், தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி, எது மக்கர் செய்தாலும் நம் வீடுகளில் முதல் கைவைத்தியம் அதுதான். பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். ஆனால் உங்கள் மேஜை மேல் இருக்கிற இந்தச் செட்டை மட்டும் தயவுசெய்து யாரும் அணைத்துப் போட வேண்டாம், மேடம். தலையில் கறுப்பாக ஒரு குமிழ் இருக்கிறது பாருங்கள், அதைத் திருகாமல் இருந்தால் போதும். ஏட்டையாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலையில் நான் உள்ளே வரும்போது அவர் விரல் அதன் மேல்தான் இருந்தது. எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

"முழுசா எழுதிக் குடுங்க சார், எதையும் விடாம. அப்புறம் உங்க கேபிளைச் சொருகிக்கலாம்" என்றீர்கள். நியாயமான ஏற்பாடு. எழுதுகிறேன். கொஞ்சம் வேகமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் சிவப்பு ஒன்று கண் சிமிட்ட ஆரம்பித்திருக்கிறது. பேட்டரி இறங்குகிறது. சார்ஜரில் வைக்கலாமே என்று கேட்டீர்கள். வைத்தால் செட் தானாக ஒருமுறை அணைந்து எழும். அப்படித்தான் செய்திருக்கிறோம். அது வேண்டாம்.

என் பெயர் பராசரன். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. துவாக்குடியில் வயர்லெஸ் செட் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஃபீல்டு இன்ஜினியர். ஆபீசில் ஒழுங்காக வேலை செய்த பொருள் வெளியே போனதும் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. சில பிள்ளைகள் வீட்டில் பூனை மாதிரி இருக்கும், ஸ்கூலுக்குப் போனால் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டு வரும் இல்லையா. நான் அந்த ஸ்கூலுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இறந்தவர் முகம்மது கனி, பாலக்கரைக்காரர். ஆடிப்பெருக்கன்று, அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே, காவிரி அவரைக் கொண்டுபோனது. நேற்றுத்தான் உடல் கிடைத்தது. மணிக்கட்டில் வார் மாட்டியபடி இந்தச் செட்டும் கிடைத்தது. விளக்கு அணையவில்லை. அவர் மனைவி நஜீமா உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் வந்தபோது எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்க கூப்பிட்டாங்களா சார்?"

ஏன் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்க ஒரு வீடியோ சுற்றுகிறது. வெள்ளத்துக்கு மேலே ஒற்றைக் கை மட்டும் தெரிகிறது. "கரைக்கு டாட்டா காட்டிட்டே போயிட்டாப்ல, ஷார்ஜா ஹீரோ" என்று யாரோ கீழே எழுதி, சிரிக்கிற பொம்மைகளைப் போட்டிருக்கிறார்கள். கையில் செட் வைத்திருந்தவன் ஆபத்து என்றால் கூப்பிட்டிருக்க மாட்டானா, வேடிக்கை காட்டப் போய் மாட்டிக்கொண்டான் என்று அவர்கள் தெருவிலேயே பேச்சாம். மகள் சம்ரீன் அதனால் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். கூப்பிட்டாரா இல்லையா என்பதற்கான பதில் இந்தச் செட்டுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க இந்த ஊரில் என்னால்தான் முடியும். அதனால்தான் யாரும் அழைக்காமலேயே வந்தேன். "லாக் பார்த்தாத்தாம்மா தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ" என்று நஜீமாவிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

லாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தை இல்லை. செட் தான் செய்வதையெல்லாம் தனக்குள் குறித்துக்கொண்டே இருக்கும். பேச்சுப் பித்தானை இவர் இப்போது அழுத்தினார், நான் இன்னாரிடம் வழி கேட்டேன், அவர் கொடுத்தார், அல்லது கொடுக்கவில்லை, இப்படி. ஓட்டல் வாசலில் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுகிற கரும்பலகை மாதிரி அது. எழுதலாம், படிக்கலாம், ஆனால் கடையைச் சாத்தும்போது துடைத்துவிடுவார்கள். செட்டை அணைப்பது கடையைச் சாத்துவது. மறுபடி திறந்தால் பலகை பளிச்சென்று இருக்கும், நேற்று அடை அவியல் போட்டார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கெட்டுப்போன செட்டை அணைக்காமல், கெட்டுப்போன அந்த நிலையிலேயே கொண்டுவந்து, கேபிள் போட்டு லாக்கை எடுக்க வேண்டும். சம்பவம் நடந்த அறையை யாரும் பெருக்கிவிடாமல் நீங்கள் பூட்டி வைப்பீர்களே, அதே காரியம்தான்.

காபி டம்ளரை நகர்த்தி வைத்தீர்கள். அவசியமே இல்லை, மேடம். கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் ஆபீஸ் முன்னறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதற்குள் இதே மாதிரிச் செட் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறோம், விளக்கு எரிந்தபடி. மீன்கள் அதைச் சுற்றிச் சுற்றி வரும். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரஹலாத் என்று ஒருவர், ஒரு தனியார் ஸ்கூலில் விளையாட்டு வாத்தியார், நீச்சல் தொண்டர் குழு ஒன்று நடத்துகிறார். விசேஷ நாட்களில் அந்தப் பிள்ளைகள் டயர் டியூப், கயிறு, ஒரு பரிசல் எல்லாவற்றோடும் காவிரிக் கரையில் நிற்பார்கள். எங்கள் புது செட்களைச் சோதித்துப் பார்க்க அந்தக் குழுவுக்கு இனாமாகக் கொடுத்தோம். கூடவே இரண்டு ரிலே பெட்டிகள் வைத்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று, அக்கரையில் திருச்சிப் பக்கம் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் ஒன்று. கையில் பிடிக்கிற செட்டுக்குக் குரல் சின்னது. கல்யாணப் பந்தியில் "ரசம்" என்று ஒருவர் மெல்லச் சொல்வார், நடுவில் நிற்கிறவர் அதை வாங்கிச் சமையல்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி முழங்குவார். ரிலே அந்த நடுவில் நிற்கிறவர்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பிரஹலாத் போன் செய்தார்.

"சார், உங்க செட்டு கும்பகர்ணன் சார். பச்சை லைட்டு எரியுது, பித்தானை அமுக்கினா பேசாது, நாங்க பேசறதும் அதுக்குக் கேக்காது. கண்ணைத் தொறந்துட்டே தூங்குது."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

"அணைச்சுப் போட்டா எந்திரிச்சுருது. அது ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், சும்மா உங்க காதுல போட்டு வெச்சேன்."

அவருக்குப் பிரச்சனை இல்லை. எனக்குத்தான் பிரச்சனை. ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டு, செட்டையும் எழுப்பி, பலகையையும் துடைத்துவிடுகிறார்கள். செட்டுக்குள் இருக்கிற புரோகிராமை எழுதுவது அம்ருதா என்ற பெண். கெட்டிக்காரி. இரண்டு ரிலேக்கு நடுவே செட் சிக்கிக்கொள்கிறது என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

"சார், மறுபடியும் பேயா? லாக் எங்க?"

"அணைச்சுட்டாளேம்மா."

"அப்போ பேயும் செத்துப்போச்சு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

ஆபீசே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அடுத்த நாள் என் மேஜையில் நாமம் போட்ட ஒரு பேய்ப் படம் ஒட்டியிருந்தது, 'பராசரன் சாரின் ஆத்து மனுஷாள்' என்று கீழே எழுதி. நன்றாக வரைவாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, நான் கிழிக்கவில்லை. அவள் பேரில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. லாக் இல்லாத புகாரை நம்பாதே என்று அவள் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

ஆகவே நானே பரிசலில் ஏறிப் போய், செட்டை வைத்துக்கொண்டு ஆற்றில் அங்கும் இங்கும் அளந்து பார்த்தேன். அழகான விடை கிடைத்தது. ஸ்ரீரங்கக் கரையோரம் நின்றால் ஸ்ரீரங்கத்து ரிலே நன்றாகக் கேட்கும், அக்கரைக்குப் போனால் லாட்ஜ் ரிலே. நடு ஆற்றில் நாணல் முளைத்த ஒரு மணல் திட்டு இருக்கிறது. அங்கே இரண்டும் ஒரே பலத்தில் கேட்கும். செட் பாவம், இதை விட்டு அதற்குத் தாவும், அதை விட்டு இதற்குத் தாவும். விசேஷ நாளில் எல்லாச் செட்டும் ஒரே நேரத்தில் பேசினால், ஒரு தாவலில் நடுவழியில் அப்படியே நின்றுவிடும். பச்சை விளக்கு மட்டும் எரியும், அதற்குத் தனிக் கம்பி, செட் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. இப்படி நின்றுபோன செட், பேச்சுப் பித்தானை அழுத்தினால் மட்டும்தான் பலகையில் ஒரு வரி எழுதும். கேட்டேன், வழி கிடைக்கவில்லை, காரணம் இது, என்று. அழுத்தாவிட்டால் எழுதாது. ஒரு வரி போதாது, மேடம். ஒன்றிரண்டு வரி என்றால் கைதவறுதல் என்று அம்ருதா தள்ளிவிடுவாள். வரிசையாக நிறைய வேண்டும். தொண்டர் பிள்ளைகளைத் திட்டில் நிற்க வைத்துச் சும்மா அழுத்தச் சொன்னால் இரண்டு தடவை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. தேவை இருக்கிறவன்தான் விடாமல் அழுத்துவான்.

குமிழைத் திருகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். பரிசல்காரர் வீரமலை தலையை ஆட்டுவார், அடுத்த நிமிஷம் திருகிவிடுவார். "கை தானாப் போயிருது சார். மூக்கு அரிச்சா யோசிச்சுட்டா சொறியறோம்?" என்பார். அவரை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் நடத்த முடியாது. அப்போதுதான் கனி குழுவில் சேர்ந்தார்.

கனியை உங்களுக்குப் பிடித்திருக்கும். ஷார்ஜாவில் ஒரு ஓட்டல் நீச்சல் குளத்துக்குக் காவல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே உயரமான ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாற்று ஆள் வராமல் இறங்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. ஒரு நாள் மாற்று ஆள் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. அதற்குள் குளத்தைக் கழுவுவதற்காகத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டார்கள். கனி இறங்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத குளத்துக்குக் காவலாக, விசிலை வாயில் வைத்தபடி, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

"சிரிக்காதீங்க சாமி. இறங்குன்னு யாரும் சொல்லலையே" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்கு வேண்டிய ஆள் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

மாம்பழச்சாலை டீக்கடையில் வைத்து அவருக்கு எல்லாம் விளக்கினேன். ரிலே, தாவல், கரும்பலகை, ஒன்று விடாமல். நன்றாகக் கேட்கிற மனிதர். நடுநடுவே கேள்வியும் கேட்டார்.

"செட்டு பேசலேன்னா என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். திருகாதீங்கோ, தட்டாதீங்கோ, பேட்டரியைக் கழட்டாதீங்கோ. அப்படியே கொண்டு வந்து என் கையில குடுங்கோ."

"மய்யத்தைத் தூக்கிட்டு வர்ற மாதிரி, பதமா" என்றார். மய்யத்து என்றால் அவர்கள் வழக்கில் இறந்தவர் உடல்.

"அதேதான்."

"பச்சை எரிஞ்சா?"

"எரிஞ்சா பயம் இல்லை. பித்தானை அழுத்திண்டே இருங்கோ."

"சொல்லிட்டீங்கல்ல சாமி. இன்ஷா அல்லாஹ், ஒரு கீறல் விழாம கொண்டாந்து குடுக்கறேன். அதுக்குப் பதிலா எங்க சம்ரீனுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுங்க. இதையே எங்கிட்ட இவ்ளோ அழகா சொல்றீங்களே."

சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். இப்போதும் அந்த வார்த்தையிலிருந்து மாறவில்லை.

பிறகு பிரஹலாத்திடம் பேசி, ஆடிப்பெருக்கன்று கனியை அந்தத் திட்டில் நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "அங்கே சிக்னல் நன்னா இருக்கும்" என்றேன். இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துச் சிக்னலும் அங்கே நன்றாகத்தான் இருக்கும், அதுதானே சிக்கல். செட் நின்றுபோகும் இடம் அது என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு இடத்தில் நிறுத்தியிருப்பார்.

அன்றைக்குக் காவிரி பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தாள். படித்துறை முழுக்க மஞ்சள் கயிறும் காப்பரிசியும் வாழையிலையும். புதுக் கல்யாண ஜோடிகள் மாலையை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கொம்பு அணையிலிருந்து மதியத்துக்கு மேல் கூடுதல் தண்ணீர் வரும் என்று காலையிலேயே முறைப்படி சொல்லிவிட்டார்கள், ஒலிபெருக்கியிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த விஷயத்தில் யார் பேரிலும் குறை இல்லை. தண்ணீர் வரத் தொடங்கியதும் பிரஹலாத் செட்டில் கூப்பிடுவார், திட்டில் இருக்கிறவர்கள் கரைக்கு வந்துவிட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். எளிமையான ஏற்பாடு.

நான் மேல்படியில் குடை பிடித்துக்கொண்டு லாப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒவ்வொரு செட்டும் ஒரு பச்சைப் புள்ளி. நின்றுபோன செட் சாம்பல் நிறமாகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாச் செட்டும் கலகலவென்று பேச ஆரம்பித்தன. யாருடைய குழந்தையோ காணாமல் போய், உடனே கிடைத்தும் விட்டது. அந்தச் சந்தடியில் கனியின் புள்ளி சாம்பலானது. நான் இத்தனை வருஷம் பார்த்த வேலையில் அவ்வளவு அழகான சாம்பல் நிறத்தைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்ததை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். அதுவரை எழுதிய தாள்களை வாங்கிப் படித்தீர்கள். "பிரஹலாத் உங்ககிட்ட வந்து கேட்டதா சொல்றாரே சார், அது இதுல வரலையே" என்றீர்கள். வரத்தான் போகிறது, மேடம். வரிசைப்படி வந்தால்தானே புரியும்.

தண்ணீர் வந்தது. பிரஹலாத் செட்டில் கூப்பிட்டார். மற்றவர்கள் எல்லோரும் பதில் சொன்னார்கள். கீழ்ப்படியில் கூட்டத்துக்கு நடுவே நின்ற அவருக்கு நாணல் மறைத்து, திட்டு தெரியாது. படியேறி என்னிடம் ஓடி வந்தார்.

"சார், கனி பாய்கிட்டேருந்து பதிலே காணோம். தண்ணி ஏறுது. வீரமலையைப் பரிசலோட அனுப்பட்டுமா?"

அப்போது நான் லாப்டாப்பைப் பார்த்தேன், பிறகு திட்டைப் பார்த்தேன். மேல்படியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. துவாக்குடி ஹாஸ்டல் பையன்கள் இரண்டு பேர், திட்டின் முனையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள், கனி பக்கத்தில் நின்றார்கள். கனி செட்டை வாயருகே வைத்தார். எடுத்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"வேண்டாம். அவர் கேட்டுட்டார், கிளம்பிட்டார். நான் பாத்துண்டுதானே இருக்கேன்" என்றேன்.

பிரஹலாத் லாப்டாப்பைப் பார்த்துவிட்டு, சரி சார் என்று இறங்கிப் போனார். அதில் என்ன தெரிகிறது என்று அவருக்குப் புரியாது. ஆனால் நம்பினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். வீரமலை போயிருந்தால் கனியையும் பையன்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்தப் பரிசலை அவர் மாதிரி யாரும் ஓட்ட மாட்டார்கள். ஆனால் ஏற்றின கையோடு, "என்ன பாய் செட்டு செத்துப்போச்சா" என்று வாங்கி ஒரு திருகு திருகியிருப்பார். அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அது போக, கனி அப்போதுதான் அழுத்த ஆரம்பித்திருந்தார். சில வரிகள்தான் சேர்ந்திருக்கும். அவர் கூப்பிடக் கூப்பிடத்தான் பலகை நிறையும். ஒரு காபி குடிக்கிற நேரம் விட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். கனி நல்ல நீச்சல்காரர் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தேன். ஒன்றும் யோசிக்காமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவரிடம் ஒரே ஒரு டயர் டியூப் இருந்தது. அதில் இரண்டு பையன்களையும் பிடிக்க வைத்து, கயிற்றை அவர்கள் இடுப்பில் கட்டித் தள்ளிவிட்டார். அவர்கள் கொஞ்சம் கீழே போய்க் கரை ஏறிவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார்கள். கனி பரிசலுக்காகக் காத்து நின்றார். தண்ணீர் முழங்கால், இடுப்பு என்று ஏறிக்கொண்டிருந்தது. செட்டை வாயருகே வைப்பார், பச்சையைப் பார்ப்பார், கரையைப் பார்ப்பார். நான் உட்கார்ந்திருந்த பக்கமும் ஒருமுறை பார்த்தார். குமிழைத் திருகவே இல்லை. திருகியிருந்தால், மேடம், அந்த நொடியே செட் எழுந்து பேசியிருக்கும். என்னிடமும் ஒரு செட் இருந்தது, கீழே வீரமலை சும்மாதான் நின்றிருந்தார். அவ்வளவு சுலபமான காரியத்தை அவர் செய்யவில்லை, ஏனென்றால் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

கடைசியில் நீந்தத் தொடங்கினார். அப்போது ஒரு கையை மேலே தூக்கினார். வீடியோவில் இருப்பது அதுதான். கையசைக்கிறார் என்று முதலில் நானும் நினைத்தேன். பிறகுதான் அந்தக் கையில் செட் இருப்பதைப் பார்த்தேன். நனையாமல் கொண்டுவருகிறார். இரண்டு கையாலும் நீந்தியிருந்தால் அந்த மனிதருக்குக் காவிரி ஒரு வாய்க்கால். ஒற்றைக் கையால் நீந்தினார்.

ரிலேயைப் பற்றிச் சொன்னேன், பலகையைப் பற்றிச் சொன்னேன், பச்சை விளக்கைப் பற்றிச் சொன்னேன். மீன் தொட்டியைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

நான் எழுந்து நின்று, "பத்திரம், பத்திரம்" என்று கத்தினேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் சாட்சி சொல்வார்கள். யாரைச் சொன்னேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களோ அதையே நீங்களும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். என் கண் அந்தக் கையில்தான் இருந்தது. கை கடைசியாகத்தான் மறைந்தது.

ஆகவே, உங்களுக்குத் தேவையான வாக்கியத்தை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். முகம்மது கனியை அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்த வைத்தவன் நான். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். போக இருந்த பரிசலைப் பொய் சொல்லித் தடுத்தவன் நான். பிரஹலாத்துக்கும் வீரமலைக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. இதைத் தெளிந்த மனதோடு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதில் பெரிதாக மறைக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நஜீமாவை உள்ளே கூப்பிடுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். சும்மா 'கூப்பிட்டார்' என்று வாய்வார்த்தையாக இல்லை. ஒவ்வொரு முறை கூப்பிட்டதும் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் விரலை எடுக்காமல் அழுத்தியிருந்தார் என்பது வரை வரி வரியாகக் காட்டுகிறேன், அவருக்குப் புரிகிற மாதிரி விளக்குகிறேன். வீடியோ போட்டவர்கள் வாயை அடைத்துவிடும். சம்ரீன் தலை நிமிர்ந்து ஸ்கூலுக்குப் போவாள். அந்தக் குடும்பத்துக்கு என்னைவிடப் பெரிய உதவியை வேறு யார் செய்துவிட முடியும், சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நகல் அம்ருதாவுக்கும் போகட்டும், காவல் நிலைய முத்திரையோடு.

நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறது, மேடம். கேபிள் என் பையில் முன்பக்க ஜிப்புக்குள் இருக்கிறது, கொஞ்சம் எடுத்துக்கொடுங்கள். அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டு இதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், நம் அஜாக்கிரதையால் வீணாகிவிடக் கூடாது. ஒருமுறை போனால் போனதுதான், லாக் திரும்ப வராது.